ஐபோன் ‘பாதுகாப்பு பலவீனம்’ என்கிறது: பழைய ரவுட்டரில் எதை மாற்றுவது?

ஆரையம்பதியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். 2012இல் தொலைபேசி இணைப்போடு வந்த ஏ.டி.எஸ்.எல் ரவுட்டர்தான் அவர் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது. முன் விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு டியூசன் நடக்கிறது. பிள்ளைகளுக்கும் வைஃபை பாஸ்வேர்ட் தெரியும். லண்டனிலிருந்து வந்த மச்சான் தன் ஐபோனை இணைத்தபோது, வைஃபை பெயருக்குக் கீழே பாதுகாப்பு பலவீனம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்திருக்கிறது. “இதத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசு ஒண்டு வாங்குங்க” என்று சொல்லிவிட்டு மச்சான் விமானம் ஏறிவிட்டார். அக்கா கேட்பது மூன்று: எதை மாற்றுவது? மாற்றினால் வைஃபையில் ஓடும் பழைய பிரிண்டர் நின்றுபோகுமா? புதிது வாங்கத்தான் வேண்டுமா? கூடவே, மாதம் இருபதாம் திகதியோடு டேட்டா முடிந்துவிடுகிறதாம்.

அக்கா, இப்போதைக்கு எறிய வேண்டாம். பத்து நிமிடத்தில் ஒரு சோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். உங்கள் ரவுட்டருக்குள் நல்ல பூட்டு, அதாவது வைஃபையைப் பாதுகாக்கும் நல்ல முறை, ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ரவுட்டரைப் பொருத்த வந்தவர் அதைப் போடாமல் விட்டிருக்கிறார்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், வைஃபைப் பூட்டுகளுக்கும் ஒரு வயது வரிசை உண்டு. முதலாவது 1997இல் வந்த டபிள்யூ.ஈ.பி. அதன் கணக்கில் ஓட்டை இருப்பதை 2001இலேயே காட்டிவிட்டார்கள். 2007இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்து ஆட்கள் ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். அதற்கு மாற்றாக 2003இல் டபிள்யூ.பி.ஏ வந்தது. அது அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. பழைய பெட்டிகளை எறியாமல் மென்பொருளை மட்டும் மாற்றிச் சமாளிப்பதற்காக டி.கே.ஐ.பி என்ற முறையை அதில் வைத்தார்கள். சரியான பூட்டு 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ 2. அதில்தான் ஏ.ஈ.எஸ் என்ற குறியாக்கம் வருகிறது. 2006 மார்ச்சிலிருந்து வைஃபை சான்றிதழ் கேட்டு வரும் எந்தப் புதுப் பெட்டிக்கும் டபிள்யூ.பி.ஏ 2 கட்டாயம். உங்களுடையது அதற்கு ஆறு வருடம் இளையது.

பிறகு ஏன் ஐபோன் முறைப்பாடு சொல்கிறது? பெரும்பாலும் ‘கலப்பு’ என்ற தெரிவில் விட்டிருப்பார்கள். டி.கே.ஐ.பியும் ஏ.ஈ.எஸ்ஸும் சேர்ந்த தெரிவு அது. வீட்டில் என்ன பழைய சாமான் இருந்தாலும் இணைந்துவிடும், யாரும் திரும்ப போன் எடுத்துக் கரைச்சல் தரமாட்டார்கள் என்பதால் பொருத்த வருகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் கலப்பில் விட்டால், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகப் போகிற செய்திகள் டி.கே.ஐ.பி முறையிலேயே போகும். உங்கள் போன் தனக்கென்று ஏ.ஈ.எஸ் எடுத்துக்கொண்டாலும் வீட்டின் பொதுச் சாவி பழையதுதான். அதைத்தான் ஐபோன் பார்த்துச் சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 10இலும் இதே மாதிரி ஓர் எச்சரிக்கை வரும். டி.கே.ஐ.பியைக் கைவிடச் சொல்லி வைஃபைத் தரநிர்ணயத்திலேயே எழுதியது 2012இல், உங்கள் ரவுட்டர் வீட்டுக்கு வந்த அதே வருடம்.

இனி வேலைக்கு வருவோம். அதற்கு முதல் என் சொந்தக் கதை ஒன்று, நான் செய்த பிழையை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காக.

கல்லடியில் பெரியம்மா வீட்டில் இதே வேலையைச் செய்யப் போனேன். ரவுட்டர் அலுமாரிக்கு மேலே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், லேஸ் துணி போர்த்தி இருந்தது. ஏணி வைக்கப் பஞ்சிப்பட்டு, கீழே கதிரையில் இருந்துகொண்டு போனிலேயே, அதுவும் வைஃபையிலேயே, செட்டிங்ஸுக்குள் போனேன். பூட்டை மாற்றினேன், புதுப் பாஸ்வேர்டை அடித்தேன், சேமித்தேன். வைஃபை ஒருமுறை விழுந்து எழும்பியது. பிறகு எந்தப் போனும் ஏறவில்லை. போனின் கீபோர்ட் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கியிருக்கும் என்பது என் ஊகம். என்ன அடித்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய பிழை: ஊசியை விட்டு ரீசெட்டைப் பத்து நொடி அமத்தினேன். ரவுட்டர் பிறந்த மேனிக்குத் திரும்பியது. வைஃபை வந்தது, இன்டர்நெட் வரவில்லை. இணைப்புக்கான யூசர்நேமும் பாஸ்வேர்டும் அதோடு அழிந்துவிட்டன. அது எந்தக் கொப்பியிலும் இல்லை. திரும்ப எடுக்க இரண்டு நாள் போனது. இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்து, சுவிஸிலிருந்து மகள் எடுக்கும் வீடியோ கோலும் தவறியது. பெரியம்மா ஏசவில்லை. “நீ வாறத்துக்கு முந்தி நல்லாத்தானே மனே வேல செஞ்சிச்சு” என்றார், அவ்வளவுதான்.

ஆகவே முதலாவது, லப்டொப்பையும் ரவுட்டரையும் லேன் கேபிளால் இணையுங்கள். பெரும்பாலும் மஞ்சள் நிறத் துளைகள் நான்கு பின்னால் இருக்கும், எதிலும் குத்தலாம். கேபிளில் இருந்தால் வைஃபை விழுந்தாலும் நீங்கள் உள்ளேயே இருப்பீர்கள், பிழைத்ததை அந்த இடத்திலேயே திருத்தலாம். கேபிள் இல்லையென்றால் டியூசன் பிள்ளைகளில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், யாரோ ஒருவர் வீட்டில் கிடக்கும்.

இரண்டாவது, ரீசெட்டும் ரீஸ்டார்ட்டும் வேறு வேறு. கரண்டை நிறுத்திப் போடுவதால் எந்த செட்டிங்கும் அழியாது. கரண்ட் போனதால் பாஸ்வேர்ட் மாறிவிட்டது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பின்னால் ஊசித் துளைக்குள் இருக்கும் பொத்தான்தான் எல்லாவற்றையும் அழிப்பது. அதைத் தொடுவதற்கு முதல் இணைப்பின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும். யூசர்நேமை செட்டிங்ஸ் பக்கத்தில் பார்க்கலாம். பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதனால் இணைப்பு தந்த நிறுவனத்துக்கு இன்றைக்கே போன் எடுத்துக் கேட்டு எழுதி வையுங்கள். அதே பக்கத்தில் வி.பி.ஐ, வி.சி.ஐ என்று இரண்டு எண்கள் இருக்கும். அவற்றையும் போட்டோ எடுங்கள். பக்அப் என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அமத்திக் கோப்பை லப்டொப்பில் சேமியுங்கள். பிறகு எது நடந்தாலும் ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

உள்ளே போவது இப்படி. பிரவுசரில் மேலே 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிகளில் 192.168.0.1 ஆக இருக்கும். அடியில் உள்ள லேபிளில் அச்சிட்டிருக்கும், ஆனால் ஆரையம்பதியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இத்தனை வருடம் இருந்த லேபிளில் என்ன மிச்சமிருக்கும் என்று சொல்ல முடியாது. அழிந்திருந்தால் போனில் வைஃபை பெயரை அமத்தி விபரம் பாருங்கள். கேட்வே என்ற இடத்தில் உள்ள எண்தான் அது. யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும். யாரும் மாற்றியிருக்காவிட்டால் பெரும்பாலும் இரண்டுக்குமே ‘அட்மின்’தான்.

உள்ளே வயர்லெஸ் என்ற தலைப்பு, அதற்குள் செக்கியூரிட்டி. உங்கள் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு கீழிறங்கும் பட்டியல்கள் இருக்கும். முதலாவதில் பூட்டின் வகை: திறந்தது, டபிள்யூ.ஈ.பி, டபிள்யூ.பி.ஏ, டபிள்யூ.பி.ஏ 2, கலப்பு. இதில் ‘டபிள்யூ.பி.ஏ 2 – பி.எஸ்.கே’ என்பதைத் தெரியுங்கள். சிலவற்றில் பி.எஸ்.கேக்குப் பதிலாக பெர்சனல் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். என்டர்பிரைஸ் என்று பார்க்கப் பெரிதாகத் தெரிகிற ஒன்றும் இருக்கும். அதைத் தொடாதீர்கள், அது அலுவலகங்களுக்கு, தனியாக ஒரு சேர்வர் கேட்கும். இரண்டாவது பட்டியலில் டி.கே.ஐ.பி, ஏ.ஈ.எஸ், இரண்டும் சேர்ந்தது. ஏ.ஈ.எஸ் மட்டும் போடுங்கள். நான் சொன்ன பத்து நிமிடச் சோதனை இதுதான்: அந்தப் பட்டியலில் ஏ.ஈ.எஸ் என்ற சொல் இருந்தால் ரவுட்டர் இன்னும் கொஞ்சக் காலம் ஓடலாம். டபிள்யூ.ஈ.பியும் டி.கே.ஐ.பியும் மட்டும்தான் இருக்கிறதென்றால் மச்சான் சொன்னது சரி.

இதில் ஒரு பக்க லாபமும் உண்டு. டி.கே.ஐ.பி போட்டால் வைஃபையின் வேகம் நொடிக்கு 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது, அந்தத் தரத்தின் விதியே அது. ஏ.டி.எஸ்.எல் லைனில் வருவதே அதைவிடக் குறைவு என்பதால் இப்போது உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. நாளைக்கு பைபர் எடுத்தால் தெரியும்.

அடுத்தது பாஸ்வேர்ட். இதில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும், ஏனென்றால் நம்முடைய பக்கத்தில் நான் திறந்து பார்த்த ரவுட்டர்களில் பூட்டைவிடச் சாவிதான் மோசம். வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையே பாஸ்வேர்டாக வைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. பொருத்த வருகிறவர் கேட்பார், நாமும் வாயில் வந்ததைச் சொல்வோம்.

டபிள்யூ.பி.ஏ 2ஐ உடைக்க நினைக்கிறவன் உங்கள் வாசலில் நின்று ஒவ்வொரு பாஸ்வேர்டாக அடித்துப் பார்ப்பதில்லை. ஒரு போன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் மாற்றிக்கொள்ளும் நான்கு செய்திகளை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் போதும். மிச்சத்தை வீட்டில் போய் கணினியில் செய்வான். பாஸ்வேர்டை வைஃபை பெயரோடு சேர்த்து 4096 தடவை அரைத்துத்தான் சாவி உண்டாகிறது, அவனும் ஒவ்வொரு ஊகத்தையும் அப்படி அரைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் விளையாட்டுக்கு வாங்குகிற நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று நொடிக்குப் பல இலட்சம் ஊகங்களை அரைத்துவிடும். இப்போது கணக்கைப் பாருங்கள். மட்டக்களப்பு இலக்கம் என்றால் 065. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் என்றால் 067. அம்பாறை டவுன் என்றால் 063. மிச்சம் ஏழு எண்கள், எல்லாம் சேர்த்து ஒரு கோடி. அதுவும் பெரும்பாலான வீட்டு இலக்கங்கள் 2இல் தொடங்குவதால் உண்மையில் பத்து இலட்சம்தான். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிள்ளையின் பிறந்த திகதி இன்னும் மோசம். நூறு வருடத்துத் திகதிகளையும் சேர்த்தாலே 36,500 சொச்சம்தான்.

நல்ல பாஸ்வேர்டுக்கு விளங்காத குறிகள் தேவையில்லை, நீளம்தான் தேவை. 8 முதல் 63 எழுத்து வரை போடலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். ஓடாவி, கூடை, நண்டு, புதன் என்கிற மாதிரி (இதையே வைத்துவிடாதீர்கள்). தமிழ் எழுத்திலேயே அடிக்க முடியாது, பாஸ்வேர்டுக்கு ஆங்கிலக் கீபோர்டில் உள்ள எழுத்துகள்தான் செல்லும். இன்னுமொன்று, ழகரம் வருகிற சொல்லைத் தவிருங்கள். வாழைப்பழத்தைப் பாஸ்வேர்டில் வைத்த ஒரு வீட்டில், அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவதென்று வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடித்து, கடைசியில் வீட்டுக்காரரே குழம்பிப்போனார். எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே வையுங்கள், இடைவெளி வேண்டாம். கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ரேடியோ அலை வழியாக வருகிற கள்ளன் உங்கள் அலுமாரியைத் திறக்கப் போவதில்லை.

வைஃபை பெயரையும் இதோடு மாற்றிவிடுங்கள். ரவுட்டரோடு வந்த பெயர் அது எந்தக் கம்பனியின் எந்த மொடல் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கும். அதற்காகக் குடும்பப் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ வைக்கவும் வேண்டாம். தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டால், இடம் 32 பைட்தான், தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் தலைக்கு மூன்று பைட் போகும், ஆகவே பத்துக்கு மேல் அடங்காது. உங்கள் காலத்துப் பெட்டி அதையும் ஏற்குமோ என்பது சந்தேகம்.

சேமித்ததும் வைஃபை அரை நிமிடம் மறைந்து வரும். பெயரும் பாஸ்வேர்டும் மாறியதால் வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் திரும்ப அடிக்க வேண்டும். எந்தப் போனாவது ஏற மறுத்தால், அதில் பழைய வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். டியூசன் இல்லாத ஒரு பின்நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

உள்ளே இருக்கும்போதே இன்னும் இரண்டு இடங்களைத் தொட வேண்டும்.

ஒன்று டபிள்யூ.பி.எஸ். பேர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன, நான் என்ன செய்ய. பொத்தானை அமத்தினால் பாஸ்வேர்ட் இல்லாமலே போனைச் சேர்க்கும் வசதி இது. அதோடு எட்டு இலக்கப் பின் நம்பர் ஒன்றும் வரும். எட்டு இலக்கம் என்றால் பத்துக்கோடி வாய்ப்பு என்று நினைப்போம். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதி சரியா பிழையா என்று தனியாகச் சொல்லிவிடும். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்தும் கணக்கிடுவது. ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாவது பாதிக்கு 1,000, எல்லாமாக 11,000 தடவைதான். 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார்கள். சில மணித்தியாலத்தில் திறந்துவிடலாம், உங்கள் நீளமான பாஸ்வேர்ட் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போகும். 2012 ரவுட்டர் என்றால் அந்த ஓட்டை அடைபடாத தலைமுறையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பூட்டை மாற்றுவதைவிட இதை நிறுத்துவது முக்கியம் என்றே நான் சொல்வேன். டபிள்யூ.பி.எஸ் பக்கத்துக்குப் போய் முழுவதுமாக நிறுத்துங்கள்.

மற்றது அட்மின் பாஸ்வேர்ட். இது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல, நீங்கள் இப்போது உள்ளே வந்த பாஸ்வேர்ட். ‘அட்மின்’ என்றே விட்டால், விறாந்தையில் இருக்கும் எந்தப் பிள்ளையும் போனிலிருந்தே உங்கள் ரவுட்டருக்குள் வரலாம். குறும்புக்கு வைஃபை பெயரை மாற்றுவது ஒரு புறம் இருக்கட்டும், டி.என்.எஸ் (நீங்கள் அடிக்கும் தளப் பெயருக்கு எண் முகவரியைத் தேடித் தருவது) என்ற இடத்தில் இரண்டு எண்களை மாற்றிவிட்டால் நீங்கள் வங்கியின் பெயரை அடிக்க, வேறு எங்கோ கொண்டுபோய் விடலாம். டி.என்.எஸ் சேஞ்சர் என்ற தீநிரல் இதைத்தான் செய்தது. நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 இலட்சம் கணினிகள் அதில் மாட்டின. சில ரவுட்டர்களின் செட்டிங்ஸையும் அது மாற்றியது. பிடிபட்ட பிறகு அமெரிக்காவின் எப்.பி.ஐ தற்காலிகமாக ஓடவிட்டிருந்த சேர்வர்களை 2012 ஜூலை 9இல் நிறுத்தியபோது, அதுவரைக்கும் திருத்தாத கணினிகளுக்கு இன்டர்நெட்டே இல்லாமல் போனது. ஆகவே அட்மின் பாஸ்வேர்டை வேறொன்றாக மாற்றுங்கள், டி.என்.எஸ் இடத்தில் தானாக எடுக்கும் தெரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியிலிருந்து ரவுட்டருக்குள் வரவிடும் ரிமோட் மனேஜ்மென்ட் என்று ஒன்று திறந்திருந்தால் மூடுங்கள்.

வைஃபை பெயரை மறைத்துவை, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மெக் முகவரியைப் பதிந்துவை என்று சிலர் சொல்வார்கள். வேலைக்காகாது. பெயரை மறைத்தால் உங்கள் போன் போகிற இடமெல்லாம், மட்டக்களப்பு பஸ் நிலையத்திலும்கூட, அந்தப் பெயரைக் கூப்பிட்டுத் தேடிக்கொண்டிருக்கும். மெக் முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது, பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

பிரிண்டருக்கு வருகிறேன். அது டி.கே.ஐ.பியோ டபிள்யூ.ஈ.பியோ மட்டும் தெரிந்த கிழடாக இருந்தால், ஆம், வைஃபையிலிருந்து விழுந்துவிடும். அதற்காக முழு வீட்டையும் பழைய பூட்டிலேயே வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. பிரிண்டரின் பின்னால் லேன் துளை இருந்தால் ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள், எல்லாக் கணினியிலிருந்தும் முன்போலவே அச்சடிக்கலாம். இல்லையென்றால் யூ.எஸ்.பி வயரில் லப்டொப்போடு. வினாத்தாள் அடிக்கிறதுக்கு அது போதும்.

டேட்டா விஷயம். கள்ளன்தான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முதல், ரவுட்டரில் டி.எச்.சி.பி என்ற பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். டியூசன் இல்லாத இரவு எட்டு மணிக்குப் பார்த்தால் உண்மை தெரியும். வீட்டில் ஐந்து போன் இருக்க, அங்கே பதின்மூன்று பெயர் இருந்தால் மதிலுக்கு அப்பால் யாரோ இருக்கக்கூடும். இப்போதைய போன்களில் வைஃபை பாஸ்வேர்டைக் கியூ.ஆர் படமாகக் காட்டிப் பகிரலாம், ஒரு பிள்ளைக்குச் சொன்னது பத்துப் பேருக்குப் போக ஒரு நிமிடம் போதும். பட்டியல் சரியாகவே இருந்தால், போன்களின் தானியங்கி அப்டேட்டையும், போட்டோக்கள் தானாக மேலே ஏறுவதையும், ரி.வியில் ஓடும் யூடியூப்பையும் பாருங்கள். டேட்டாவை விழுங்குவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

டேட்டாவைவிட எனக்கு யோசனை வேறு. உங்கள் லைனிலிருந்து யார் என்ன செய்தாலும், வெளியே தெரிவது உங்கள் பெயரில் உள்ள இணைப்புத்தான். யாராவது ஒருவரின் கணக்கை உடைத்தாலோ, ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டுத் தொந்தரவு செய்தாலோ, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் விசாரணை வரும்போது முதலில் தட்டப்படுவது உங்கள் வாசல். நீங்கள் குற்றவாளி இல்லை என்று பிறகு தெரியவரும். அதற்கிடையில் ஊர் கதைத்துவிடும்.

அதனால் டியூசன் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கெஸ்ட் நெட்வேர்க் என்று வருகிறவர்களுக்கான தனி வைஃபை ஒன்று உங்கள் ரவுட்டரில் இருந்தால் அதைத் திறந்து வேறு பாஸ்வேர்ட் போட்டு, ஒவ்வொரு தவணையும் மாற்றுங்கள். பழைய பெட்டிகளில் அது இல்லாமலும் இருக்கும். அப்படியென்றால் பாடத்துக்குத் தேவையானதை நீங்களே இறக்கிக் காட்டுவதுதான் வழி. கரும்பலகையின் மூலையில் வைஃபை பாஸ்வேர்ட் எழுதியிருந்த ஒரு வகுப்பு எனக்குத் தெரியும். ஜன்னல் றோட்டுப் பக்கம்.

பெர்ம்வெயர் அப்டேட் பற்றிக் கொஞ்சம். ரவுட்டரின் உள் மென்பொருள் அது. இணைப்பு தந்த நிறுவனம் கொடுத்த பெட்டிக்கு அவர்களே அனுப்பினால்தான் உண்டு. கடையில் வாங்கியதென்றால் செய்த கம்பனியின் தளத்தில் மொடலைத் தேடலாம், ஆனால் லேபிளில் மொடலுக்குப் பக்கத்தில் உள்ள வி1, வி2 என்ற பதிப்பும் அப்படியே பொருந்த வேண்டும். மாறிப் போட்டால் பெட்டி செத்துவிடும். ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் அதே கதிதான். ஒக்டோபர், நவம்பர் பின்நேரங்களில், வானம் இருண்டு வரும்போது இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மின்னலுக்குக் கரண்ட் வயரை மட்டும் கழற்றிவிட்டுத் தொலைபேசி வயரை மறந்துவிடுகிறோம். கன ரவுட்டர்கள் சாவது அந்த வயரால்தான். இத்தனை வருடம் தப்பியதே பெரிய காரியம். நேரம் கிடைத்தால் மூடியைத் திறந்து ஒரு தரம் பாருங்கள், நான் ஒன்றைத் திறந்தபோது உள்ளே இரண்டு பல்லி முட்டையும் கறல் பிடித்த ஆணிகளும் இருந்தன.

புதியது வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள், டவுனில் கன பேர் ஏமாறுவது இதில்தான். உங்கள் வீட்டுக்கு வருவது தொலைபேசி வயர். அதைக் குத்த டி.எஸ்.எல் துளை வேண்டும். கடையில் மலிவாக, மூன்று நான்கு அன்டெனாவோடு இருப்பவை பெரும்பாலும் அந்தத் துளை இல்லாதவை. அன்டெனாவை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து, வயரைக் குத்த இடமில்லாமல் திரும்பப் போவார்கள். ஆனாலும் அந்த வகையையே வாங்கி உபயோகிக்க ஒரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த வழியும் அதுதான். பழைய ரவுட்டரில் வைஃபையை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள். அது தொலைபேசி வயரிலிருந்து இன்டர்நெட்டை எடுக்கும் வேலையை மட்டும் செய்யட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிளைப் புதிய ரவுட்டரில் இன்டர்நெட்டை உள்ளே எடுக்கும் வேன் (WAN) துளைக்குக் கொடுங்கள். வைஃபை, கெஸ்ட் எல்லாம் புதியதில். நாளைக்கு பைபருக்கு மாறினாலும் புதியது வீணாகாது. வாங்கும்போது டபிள்யூ.பி.ஏ 3 இருக்கிறதா என்று கேளுங்கள். 2018இல் வந்தது அது. நான்கு செய்தியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் போய் அரைக்கிற விளையாட்டு அதில் நடக்காது. 2020 ஜூலைக்குப் பிறகு சான்றிதழ் எடுத்த பெட்டிகளில் கட்டாயம் இருக்கும். பழைய போன்களும் சேர வேண்டுமென்றால் 2ஐயும் 3ஐயும் சேர்த்து ஓடவிடும் தெரிவு இருக்கும், அது சரி.

ஆனால் உங்கள் பட்டியலில் ஏ.ஈ.எஸ் இருந்தால் இந்த மாதமே கடைக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை, அக்கா. மாற்றங்களைச் செய்துவிட்டு, யாருடையதாவது ஒரு ஐபோனை இணைத்துப் பாருங்கள், அந்த வரி போயிருக்க வேண்டும். போகவில்லை, அல்லது பட்டியலில் நான் சொன்ன பெயர்கள் இல்லை என்றால், செக்கியூரிட்டி பக்கத்தையும் அடி லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். லேபிளில் பாஸ்வேர்ட் அச்சிட்ட வரிக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு எடுங்கள்.